பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் தாத்தா கட்டிய வீட்டிலேயே இன்றும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மகனுக்குக் கல்யாணம் ஆகிறது, ஒரு அறை கூட வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, கீழேயே அறையோடு சேர்ந்த பாத்ரூம் வேண்டும். மருமகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார், கதவைச் சாத்தினால் சத்தம் வராத இடம் வேண்டும். "இடித்துப் போட்டுப் புதுசா கட்டிடுங்க சார், அதுதான் சுலபம்" என்று பத்து பேரில் ஒன்பது பேர் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையே இல்லை. நல்ல சுவரும் நல்ல தேக்கும் உள்ள வீட்டை இடிக்கச் சொல்ல எனக்கு மனது வருவதில்லை.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பழைய வீடு சுண்ணாம்பு, செங்கல், மரம், மண். நாம் சேர்ப்பது சிமெண்ட், கம்பி, பிளாஸ்டிக் குழாய். தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிறக்கின்றன. கறை தெரிவது ஓரிடம், காரணம் இருப்பது வேறிடம். அதனால் பெயின்டரைக் கூப்பிடும் முன் கீழே உங்கள் வீட்டு அறிகுறியைத் தேடிப் பாருங்கள்.

கூரையில் ஈரக் கறை, சொட்டு

முதல் கேள்வி: எப்போது சொட்டுகிறது? மழைக்கு மட்டும் என்றால் மொட்டை மாடி. வருடம் முழுக்க என்றால் குழாய் அல்லது மேலே உள்ள பாத்ரூம். குளிர்காலக் காலையில் சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் முத்து முத்தாக நின்றால் அது ஒழுகல் இல்லை, நீராவி படிவது. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.

மழைக்கு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மரக்கட்டைகளும் அவற்றின் மேல் சாய்வாகக் குத்தி வைத்த செங்கல்லும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ், நம் ஊரில் கட்டைக்குத்து என்பது. செங்கல்லுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த தளம், அதற்கு மேலே தட்டோடு. இந்தக் கூரையில் தண்ணீர் புகுந்த இடத்திலேயே சொட்டாது. கட்டையோடு ஓடி, சில அடி தள்ளி இறங்கும். கறைக்கு நேர் மேலே மட்டும் ஓட்டைத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று இறங்கி வந்துவிடாதீர்கள். கறை சுவர் ஓரத்தில் இருந்தால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அல்லது தண்ணீர் வெளியேறும் தூம்பு. அறையின் நடுவில் இருந்தால் தட்டோட்டின் இடுக்கு.

சோதனை: தூம்பை அடைத்துத் தண்ணீர் கட்டிப் பார்ப்பது கான்கிரீட் தளத்துக்குச் சரி. மரக்கட்டை மேல் நிற்கும் கூரையில் மொத்த மாடிக்கும் தண்ணீர் கட்டாதீர்கள். 2 அங்குலத் தண்ணீரே சதுர அடிக்கு 5 கிலோ எடை. களிமண்ணால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, ஒவ்வொன்றாக நனைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

சரிசெய்வது: உடைந்த தட்டோட்டை மாற்றி, இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, வாட்டத்தைத் தூம்பு பக்கம் திருப்புங்கள். மேஸ்திரி "மேலே 2 அங்குலம் கான்கிரீட் போட்டா ஒரு சொட்டு வராது" என்பார். வேண்டாம். ஆயிரம் சதுர அடிக்கு அது சுமார் 11 டன் கூடுதல் பாரம். அதோடு ஈரம் மேலே போக வழி இல்லாமல் கட்டையிலேயே தங்கும். கட்டை முதலில் உளுப்பது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான். கீழே இருந்து பார்த்தால் தெரியாது. ஸ்க்ரூ டிரைவரால் முனையைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டைக்கு உடனே முட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் மற்ற வேலை.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட தாழ்வாரம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதை உடைத்து எடுக்க விடாதீர்கள். நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். உடையும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. வேலைசெய்யும் சித்தாளுக்கும் அது பொருந்தும். நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

சுவரின் அடியில் ஓதம், உப்பு, பெயின்ட் உரிதல்

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பட்டை பட்டையாக உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஓதம் மண்ணிலிருந்து ஏறுகிறது. பழைய வீடுகளில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. அப்படியும் ஐம்பது வருடம் நன்றாக இருந்த சுவர் ஏன் இப்போது நனைகிறது? வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வாசல் பள்ளமாகியிருக்கும். அல்லது கார் நிறுத்தவென்று மண் தரையைச் சிமெண்ட் போட்டு மூடி, வாட்டத்தை வீட்டுப் பக்கமே விட்டிருப்பார்கள். அல்லது சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசுவது வியர்க்கிற உடம்பில் ரெயின்கோட் மாட்டுவது.

சந்தேகம் இருந்தால் ஒரு முழம் அலுமினியத் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் ஈரமானால் சுவரின் ஈரம்.

சுவர் ஈரம் என்றால் முதலில் வெளியே வேலை. வெளித் தரையை உள்தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இறக்கி, வாட்டத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு உரிந்த உயரத்துக்கு மேல் ஒரு அடி சேர்த்துச் சிமெண்ட் பூச்சைக் கொத்துங்கள். சுவரைக் காய விடுங்கள். ஒரு கோடை முழுக்க ஆனாலும் பொறுங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு அடிப்பது அல்லது மூச்சு விடும் பெயின்ட். டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும், டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே அடுத்த வருடம் உப்புப் பூக்கும்.

விரிசல்

விரிசலைப் பார்த்ததும் பதறுவோர் உண்டு, புட்டி போட்டு மறைப்போர் உண்டு. இரண்டும் வேண்டாம். மயிரிழை அளவில், பூச்சில் மட்டும், வலை மாதிரி ஓடினால் பூச்சு காய்ந்த விரிசல், விட்டுவிடலாம். 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருந்தால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். இடைப்பட்டதைக் கண்காணியுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் அதற்கடுத்த கோடையும் தாண்டிக் கண்ணாடி உடையவில்லை என்றால் விரிசல் பழசு, நகரவில்லை, அடைத்துவிடலாம். உடைந்தால் வீடு இன்னும் நகர்கிறது.

எந்தத் திசையில் ஓடுகிறது என்பது மீதியைச் சொல்லும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினால்: மரச் சட்டமோ கல் லிண்டலோ (ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கல்) தளர்ந்திருக்கிறது, அல்லது அந்த மூலை அஸ்திவாரம் இறங்குகிறது. மூலைக்குப் பக்கத்தில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, சாக்கடைக் குழாய் உடைந்து மண்ணை அரிக்கிறதா என்று பாருங்கள். பெங்களூர்ச் செம்மண் பொதுவாக வீடு தாங்கும் நல்ல மண். ஆனால் இந்த ஊரில் ஏரிகளை மூடிக் கட்டிய இடம் ஏராளம். மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி இருந்த இடம். உங்கள் தெருவும் அப்படி நிரப்பிய மண்ணில் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். நிரப்பு மண் என்றால் புதுப் பகுதிக்கு மண் பரிசோதனை இல்லாமல் குழி தோண்டவே கூடாது.

பழைய வீடும் புதிய அறையும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக மேலிருந்து கீழே ஓடினால்: இது அறை கூட்டிக் கட்டிய எல்லா வீட்டிலும் வரக்கூடியது, வராமல் தடுக்கவும் முடியும். பழைய அஸ்திவாரம் பல வருடத்தில் இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் செங்கல் பல் விட்டுக் கோத்துக் கட்டினால், புதியது அமரும்போது பழையதையும் இழுக்கும். கோக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டு, தெர்மோகோல் வைத்து, வெளிப்பக்கம் நெகிழும் சீலன்ட் அடைத்து, மேலே அலுமினியப் பட்டை போடுங்கள். கூரையில் அந்த இடைவெளிக்கு மேல் தகடு மடித்து மூடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். ஏற்கெனவே கோத்துக் கட்டி விரிசல் விட்டிருந்தால், கலவையால் அடைப்பதில் பயன் இல்லை, திரும்ப விரியும். அந்தக் கோட்டிலேயே நேராக அறுத்து, மேலே சொன்ன மாதிரி இணைப்பாக மாற்றிவிடுங்கள்.

புதிய அஸ்திவாரத்துக்குக் குழி எடுக்கும்போதே பழைய சுவர் விரிந்தால் வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். சைஸ் கல்லால் (செதுக்கிய கருங்கல்) போட்ட பழைய அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே அதைவிட ஆழமாக நீளமாகத் தோண்டினால் அதன் அடிமண் சரியும். நாலு நாலு அடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, அதை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

நடுச்சுவரை எடுத்ததும் மேலே சத்தம், தொய்வு

ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கும் ஆசை இப்போது எல்லோருக்கும். பழைய வீட்டில் பில்லர் கிடையாது, சுவர்தான் பில்லர். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று கண்டுபிடிப்பது கட்டைக்குத்துக் கூரையில் சுலபம்: கட்டையின் முனைகள் எந்தச் சுவரில் அமர்ந்திருக்கின்றனவோ அது தாங்கும் சுவர். கட்டைகளுக்கு இணையாக ஓடும் நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர். 9 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் தாங்கும் சுவர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டு மேலே தொய்ந்திருந்தால் இன்றே முட்டுக் கொடுங்கள். இரும்பு ஜாக்கியும் மேலே கனமான பலகையும். தரை ரெட் ஆக்சைடு என்றால் கீழேயும் பலகை வையுங்கள். பிறகு எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தரும் இரும்பு பீமைச் சுவருக்குப் பதிலாக ஏற்ற வேண்டும். பீமின் இரண்டு முனையிலும் கான்கிரீட் திண்டு போட்டு அதன் மேல்தான் உட்கார வைக்க வேண்டும். நேராகப் பழைய செங்கல் மேல் வைத்தால் செங்கல் நசுங்கும்.

மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்ற கேள்விக்கும் இதே இடத்தில்தான் பதில். 5 அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ. பத்தடி உயர 9 அங்குலச் சுவர் ஓரடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. மண் கலவையில் கட்டிய சுவரின் தலையில் இதை ஏற்றக் கூடாது. கட்டைக்குத்துக் கூரையின் மேல் மாடியே கூடாது. மாடி அவசியம் வேண்டும் என்றால் பழைய சுவரைத் தொடாமல் தனி பில்லர் எழுப்பி அதன் மேல் இரும்புச் சட்டமும் லேசான சுவரும் வைப்பது நல்ல வழி. செலவு கூடும்தான். அந்தச் செலவுக்கு மனம் இல்லாவிட்டால் மாடியை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஒரு அறை எடுங்கள்.

கீசர் போட்டால் விளக்கு மங்குகிறது, டிரிப் ஆகிறது

அந்தக் கால வயரிங் விளக்குக்கும் ஃபேனுக்கும் ரேடியோவுக்கும் போட்டது. 2 கிலோவாட் கீசர் ஒன்றே 9 ஆம்பியர் அளவு இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி, மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் காலை நேரத்தில் பழைய வயர் சூடாகும். மரப் பட்டைக்குள் ஓடும் ரப்பர் வயராக இருந்தால் பழுது பார்க்காதீர்கள், மொத்தமாக மாற்றுங்கள். கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனியே 4 சதுர மி.மீ. வயர், தனித்தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்). பெஸ்காம் (மின்வாரியம்) பில்லில் உங்களுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று அச்சாகியிருக்கும். புதிய சாமான்களின் கணக்கு அதைத் தாண்டினால் லோடை உயர்த்த விண்ணப்பியுங்கள்.

எம்சிபி விழுந்தால் லோடு அதிகம், அல்லது எங்கோ ஷார்ட் சர்க்யூட். ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கி, எல்லா எம்சிபியையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. மழை பெய்த அன்று மட்டும் விழுந்தால் வெளிச்சுவரின் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஈரம்.

புதிய அறை சேர்த்த பிறகு, புது லைனில் லோடு போட்டாலே ஆர்சிசிபி விழுகிறது, எந்தச் சாமானிலும் பழுது இல்லை என்றால் நான் முதலில் பார்ப்பது நியூட்ரல் வயரை. புது அறையின் ஃபேஸைப் புதிய பெட்டியிலிருந்தும் நியூட்ரலைப் பழைய பெட்டியிலிருந்தும் எடுத்திருப்பார்கள். போன மின்சாரம் அதே ஆர்சிசிபி வழியாகத் திரும்பாததால் அதற்குக் கசிவாகத் தெரிகிறது. இதற்காகத் தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியையே கழற்றிவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. விடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உங்கள் குழந்தையின் உயிரைக் காப்பது. எர்த் குழியும் புதிதாகப் போடுங்கள்.

புது பாத்ரூமில் ஷவர் சொட்டுச் சொட்டாக வருகிறது

காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வந்தால் பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவால் அடைந்திருக்கிறது. குழாயை மாற்றாமல் வேறு வழியில்லை. சுடுதண்ணீர் மட்டும் குறைவு என்றால் போர்வெல் உப்பு கீசரிலும் வால்விலும் படிந்திருக்கிறது. இரண்டும் இல்லை, ஆனால் மேல் அறையில் மட்டும் குறைவு என்றால் டேங்க் போதிய உயரத்தில் இல்லை. ஷவருக்குப் பத்தடி மேலே டேங்க் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான், பெரிய ரெயின் ஷவருக்கு 1 பார் அளவு வேண்டும். டேங்குக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் பிரஷர் பம்ப் வையுங்கள். காவேரி லைனில் (தெருவில் வரும் குடிநீர்க் குழாய்) நேரடியாக மோட்டார் வைத்து இழுக்காதீர்கள். சட்டப்படி தப்பு, பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் போகாது.

பாத்ரூம் நாற்றம், தண்ணீர் மெதுவாக இறங்குதல்

உபயோகிக்காத பாத்ரூமில் மட்டும் நாறினால் நஹானி டிராப்பில் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்க்குக் கீழே, தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள், தீர்ந்தது. எப்போதும் நாறினால் டிராப்பே போடவில்லை, அல்லது காற்றுக் குழாய் மாடிக்கு மேல் ஏறவில்லை.

பின்பக்கம் புதிதாகப் போட்ட பாத்ரூமிலிருந்து மெதுவாக இறங்கினால் வாட்டம் போதவில்லை. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி இறக்கம் வேண்டும். நம் மனைகள் நீளம். பின்கட்டிலிருந்து தெருவோர சேம்பருக்கு (சாக்கடைக் குழாய் சேரும் மூடிபோட்ட தொட்டி) 60 அடி என்றால் ஒன்றரை அடி இறக்கம். தெரு சேம்பர் அந்த ஆழத்தில் இருக்கிறதா என்று பாத்ரூமுக்கு இடம் குறிக்கும் முன்பே மூடியைத் திறந்து அளந்துவிடுங்கள். இல்லையென்றால் பாத்ரூம் தரையை உயர்த்த வேண்டிவரும். முட்டி வலிக்கும் அம்மாவுக்காகக் கட்டிய பாத்ரூமில் படி வைத்தால் கட்டியதற்கே அர்த்தம் இல்லை.

மழை பெய்யும்போது சாக்கடை உள்ளே எதிர்த்து வந்தால், உங்கள் மாடித் தண்ணீரோ தெருவில் பலரின் மாடித் தண்ணீரோ சாக்கடைக் குழாயில் விழுகிறது. உங்கள் குழாயைப் பிரித்துச் சம்புக்கோ இன்கு குழிக்கோ (மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் குழி) விடுங்கள். 10 மி.மீ. மழைக்கே ஆயிரம் சதுர அடி மாடியில் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சேம்பருக்கு முன்னால் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வும் போட்டுவிடுங்கள்.

அறை கூட்டிய பிறகு வீடு இருட்டு

பின்பக்கம் அறை எடுத்தால் நடு அறையின் ஜன்னல் மூடிக்கொள்ளும். பகலில் விளக்குப் போட்டு வாழ்வது எனக்குச் சம்மதமில்லை. பழைய அறைக்கும் புதிய அறைக்கும் நடுவில் மூன்றடிக்கு மூன்றடியாவது வானம் பார்த்த இடம் விடுங்கள். இங்கே கட்டுமானக்காரர்கள் ஓடிஎஸ் என்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு வருகிறதா என்று கணக்குப் பாருங்கள். ஏற்கெனவே மூடிவிட்டிருந்தால் கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவரில் வென்டிலேட்டர் திறங்கள். ஓட்டுக் கூரை என்றால் நாலைந்து மங்களூர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடுங்கள்.

வேலை பாதியில் நிற்கிறது

பக்கத்து வீட்டுக்காரர் பொதுச்சுவரைத் தொடக் கூடாது என்கிறார். பாகப் பத்திரத்தை எடுத்துச் சுவர் யாருக்கு எத்தனை அங்குலம் என்று பாருங்கள், அதை உடைத்தபின் பார்க்காதீர்கள். காத்தாவில் (மாநகராட்சியின் சொத்துப் பதிவேடு) இன்னும் தாத்தா பெயரே இருக்கிறது என்றால் பெயர் மாற்றம் முதல் வேலை. 2024 அக்டோபர் முதல் சொத்துப் பதிவுக்கு இ-காத்தா கட்டாயம். பெங்களூரின் பழைய ஒரே மாநகராட்சியான பிபிஎம்பி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் வார்டு மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று எதில் வருகிறது என்று பார்த்து அங்கே போங்கள். புதிய அறைக்கு வரைபட அனுமதி கேட்கும்போது, இருக்கும் வீட்டின் அளவு வரைபடத்தையும் எஞ்சினியரிடம் வரைந்து வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.